‘நீங்க குடுக்குறதக் குடுங்க சார்’: வேலைக்குப் போகும் மாணவர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

தென் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் கற்பிக்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள்.

போன ஆண்டு படிப்பை முடித்த ஒரு மாணவியைச் சென்னையில் உள்ள ஒரு தனியார் நிறுவனம் கேம்பஸ் நேர்காணலில் எடுத்துக்கொண்டது. எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன பதில், “நீங்க குடுக்குறதக் குடுங்க சார்.” வேலையில் சேர்ந்த அன்று அசல் மதிப்பெண் பட்டியல்களையும் பிளஸ் டூ சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு வேலையை விடக் கூடாது என்று ஒரு பாண்ட் (ஒப்பந்தப் பத்திரம்), மீறினால் ஒன்றரை லட்சம். கூடவே தொகை எழுதாத ஒரு காசோலையில் கையெழுத்து. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆண்டுக்கு 3 லட்சம் என்று சொன்ன வேலையில் இப்போது கைக்கு வருவது 18 ஆயிரம். இரவு ஷிஃப்டும் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, வேலையை விட்டு ஊருக்கு வர வேண்டும் என்கிறார் அந்தப் பெண். ‘பாண்டெல்லாம் செல்லவே செல்லாது, எழுந்து வரச் சொல்லுங்கள்’ என்கிறார் தெரிந்த வழக்கறிஞர். ‘போலீஸ் வந்துவிடும்’ என்று நடுங்குகிறார்கள் பெற்றோர். பேராசிரியரே நிறுவனத்தின் மனிதவள அதிகாரியை (எச்.ஆர்.) போனில் அழைத்துப் பேசியிருக்கிறார். மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “காலேஜ்ல போய்ச் சொல்லுவியா?” என்று திட்டியிருக்கிறார்கள்.

“எங்கள் பிள்ளைகளுக்குத் தங்களுக்காக வாய் திறந்து ஒன்றைக் கேட்கத் தெரியவில்லை. ஆங்கிலம் வராததுதான் காரணமா? நாங்கள் சொல்லிக்கொடுத்த பணிவு தவறா? கேட்கச் சொல்லிக்கொடுத்தால் வருகிற நாலு கம்பெனியும் வராமல் போய்விடுமா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள பேராசிரியருக்கு,

அந்த மாணவியின் விஷயம் அவசரம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்குத் தெரிந்த அந்த வழக்கறிஞர் சொன்னது பாதி சரி. பாதி சரியை நம்பி எழுந்து வந்தால் அந்தப் பெண்தான் மாட்டிக்கொள்வார்.

பாண்ட் செல்லுமா, செல்லாதா?

‘எந்த பாண்டும் செல்லாது’ என்பது தவறு. வேலையை விட்ட பிறகு இன்னொரு இடத்தில் சேரக் கூடாது என்று தடுக்கும் ஷரத்துதான் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க வேண்டும், இல்லையேல் இழப்பீடு தர வேண்டும் என்ற ஷரத்து வேறு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில் மூன்று ஆண்டுப் பணி, மீறினால் 2 லட்சம் என்ற பாண்டைச் செல்லும் என்றது. ஆனால் அங்கே அந்த ஊழியர் மூத்த மேலாளர். பொதுத்துறையில் ஆளெடுக்க ஆகும் செலவையும், அவருடைய சம்பளத்துக்கு 2 லட்சம் மிகையான தொகையல்ல என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 18 ஆயிரம் வாங்கும் உங்கள் மாணவிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு என்ன சொல்கிறதென்றால், பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். நீதிமன்றம் வழங்குவது அதற்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே. எனவே என்னைப் போன்ற வக்கீல்களின் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: நிறுவனம் இந்தப் பெண்ணுக்கு என்ன பயிற்சி கொடுத்தது, எத்தனை நாள், என்ன செலவு செய்தது? பெரும்பாலான சிறு நிறுவனங்களில் பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு வாரம் சொல்லிக்கொடுப்பதுதான் பயிற்சி. அதற்கு ஒன்றரை லட்சத்தை நியாயப்படுத்துவது கஷ்டம்.

பெற்றோரின் பயத்துக்கும் பதில் உண்டு. பாண்டை மீறுவது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் கைது செய்ய முடியாது. வேலை செய்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் ஒருவரை இழுத்துப்போய் உட்காரவைக்காது. நிறுவனம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

நான் கவலைப்படுவது அந்தக் காசோலையை நினைத்து

கடிதத்தில் அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை வாங்கியவர் தொகையை நிரப்பி வங்கியில் போட்டு, பணமில்லாமல் திரும்பினால், அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்காகலாம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நான் தொகையை எழுதவில்லையே’ என்பது மட்டும் காப்பாற்றாது. கடனுக்காகத்தான் காசோலை கொடுக்கப்பட்டது என்ற சட்டத்தின் அனுமானம் விருப்பத்தோடு கொடுத்த வெற்றுக் காசோலைக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. காசோலைக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கியில் ‘ஸ்டாப் பேமென்ட்’ போட்டாலும் தப்பித்துவிட்டோம் என்று இருக்க முடியாது.

அதற்காகக் கதிகலங்க வேண்டியதில்லை. அப்படி ஒரு கடனே இல்லை என்று நிரூபிக்க அவருக்கு உரிமை உண்டு. அதற்கு ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரத்தை இப்போதே உருவாக்க வேண்டும். இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள காசோலையைத் தொகை எழுதாமல் பாண்டுக்கான பிணையாக மட்டும் கொடுத்தேன் என்று நிறுவனத்துக்கு அவர் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம், பதிலும் அதற்குள் போய்விட வேண்டும்.

சான்றிதழ்களை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இல்லை. கல்விச் சான்றிதழ் பிணையாகப் பிடித்துவைக்கும் சரக்கல்ல என்று கட்டணப் பாக்கிக்காகக் கல்லூரிகள் அவற்றை முடக்கிய வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை கம்பெனிக்கு எங்கிருந்து வரும்? எழுத்தில் கேட்டும் தராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

இரவு ஷிஃப்ட் பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, மாலை 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்களை வேலை வாங்க அவர்களுடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். அந்தப் பெண்ணிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா, அதற்கும் ஏதாவது படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களா என்று விசாரியுங்கள். ஒருவர் வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தர வேண்டும் என்பதும் இப்போது சட்டம்.

ஒரு எச்சரிக்கை: சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட வேண்டாம். நியமனக் கடிதத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தைக் கொடுத்து, ராஜினாமாவை எழுத்தில் அனுப்பி, பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் கேட்டு வெளியேறட்டும். அடுத்த வேலைக்கு அந்தத் தாள் வேண்டும்.

ஆங்கிலம் காரணமில்லை

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் ஜூனியர் வக்கீலாகச் சேர்ந்தபோது மூன்று ஆண்டு என் சீனியரிடம் சம்பளம் என்று ஒரு ரூபாய் கேட்டதில்லை. பஸ்ஸுக்கு வீட்டில் காசு வாங்கிக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போனேன். கேட்டால் வெளியே அனுப்பிவிடுவார் என்று பயந்ததில்லை. எந்தச் சொல்லில் தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அடுத்தவர் வழக்குக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மணிக்கணக்கில் பேசுவேன். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று உத்தரவிட்ட செய்தியைப் படித்தபோது அந்த மூன்று ஆண்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

பிறருக்காகப் பேசுவதும் தனக்காகக் கேட்பதும் வேறு வேறு திறமைகள். இரண்டாவது தானாக வருவதில்லை, வாயால் பழகிப் பழகித்தான் வரும். அதைப் பழக்க நம் பாடத்திட்டத்தில் இடமே இல்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த பணிவு தவறில்லை. பணிவோடு கேட்பதற்கு ஒரு வாக்கியம் கூடக் கொடுக்காமல் அனுப்பியதுதான் குறை.

வகுப்பில் என்ன செய்யலாம்

அறிமுகத்திலிருந்து தொடங்குங்கள். ‘மை நேம் இஸ், மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை ஸ்ட்ரென்த் இஸ் ஹார்ட் வொர்க்’ என்று அறுபது பேரும் ஒரே பத்தியை ஒப்பிப்பதை நான் எத்தனையோ கல்லூரிகளில் கேட்டிருக்கிறேன். ஒரு கல்லூரியில் பி.காம். மாணவி ஒருவர் அப்படி ஒப்பித்து முடித்தார். “நீ வீட்ல என்னம்மா செய்வ?” என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல சார்” என்றார். விடாமல் கேட்டதில் மெல்ல வந்தது. அம்மா இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் பதினாலு பேர். பிளஸ் ஒன்னிலிருந்து அந்தக் குழுவின் கணக்கு நோட்டை எழுதுவது இவர்தான். யார் எத்தனை தவணை கட்டினார்கள், வட்டி எவ்வளவு, யாருக்கு உள்கடன் என்பதெல்லாம் இவர் விரல்நுனியில். வங்கிக்கும் அம்மாவோடு போய்ச் செலான் நிரப்புவாராம். ஒரு முறை நூற்று இருபது ரூபாய் இடித்ததைக் கண்டுபிடிக்க ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்திருக்கிறார். அவர் விண்ணப்பித்திருந்தது கணக்கு உதவியாளர் வேலைக்கு. அவருடைய பயோடேட்டாவில் இதில் ஒரு வரி இல்லை. ‘பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது’ என்று இருந்தது.

உங்கள் மாணவர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். அதைத் தமிழில் பேச வைத்து வெளியே எடுங்கள். நிகழ்ச்சி தெளிவாக வந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவது ஒரு வாரத்து வேலை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஆங்கிலம் மட்டும் பழக்கினால்தான் ஒப்பிக்கிறார்கள்.

அடுத்தது நியமனக் கடிதத்தைப் படிப்பது. பழைய மாணவர் ஒருவரிடம் கடிதத்தை வாங்கிப் பெயரை மறைத்துப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஆண்டுக்கு 3 லட்சம் சி.டி.சி. (ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 25,000 என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் செயல்திறனுக்கு ஏற்ற தொகை பத்து சதவீதம், 2,500. அடிப்படைச் சம்பளம் 12,500 என்றால் நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,500, பணிக்கொடைக்கு ஒதுக்குவது 600 சொச்சம், இ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு) பங்கு 640 சொச்சம். இவையெல்லாம் போன பிறகு மாணவி தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப். 1,500, இ.எஸ்.ஐ. 150. மிஞ்சுவது ஏறக்குறைய 18 ஆயிரம். உங்கள் மாணவிக்குக் கிடைப்பதும் அதுதான். நிறுவனம் இந்த இடத்தில் ஏமாற்றியது என்று சொல்ல முடியாது. ‘கைக்கு எவ்வளவு வரும் சார்?’ என்று கேட்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சம்பளம் பேசுவதைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள். புதிதாகச் சேர்கிறவர்களைக் கும்பலாக எடுக்கும் நிறுவனங்களில் சம்பளம் முன்பே முடிவானது. அங்கே பேரம் பேசச் சொல்லி அனுப்பினால் பிள்ளை அவமானப்பட்டு வரும், மறுபடி வாய் திறக்காது. கேட்டுப் பெறக்கூடியவை வேறு: எந்த ஊர், எந்த ஷிஃப்ட், தங்குமிடமும் வண்டியும் உண்டா, சேரும் தேதியைத் தள்ளிப்போடலாமா, பாண்ட் உண்டா, உண்டென்றால் எந்தப் பயிற்சிக்கு.

பழக்க வேண்டிய வாக்கியங்கள் மூன்று நான்குதான். கையெழுத்து நேரத்துக்கு இது: “சார், வீட்ல அப்பா அம்மாகிட்ட காட்டிட்டு நாளைக்குக் காலைல கையெழுத்துப் போட்டுக் குடுத்துர்றேன்.” இதில் பணிவும் இருக்கிறது, ஒரு ராத்திரி அவகாசமும் கிடைக்கிறது. நம் ஊரில் இதை யாரும் திமிர் என்று சொல்ல மாட்டார்கள். சான்றிதழுக்கு: “ஒரிஜினலப் பாத்துக்கங்க சார், ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போறேன்.” காசோலைக்கு: “தொகை எழுதாத செக் குடுக்க வேணாம்னு வீட்ல சொல்லியிருக்காங்க சார்.” கல்யாணம் எப்போது என்று பெண்களிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை இல்லை. பெண் என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டுவதைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் நேர்காணல் அறையில் சட்டப் பிரிவைச் சொல்வதால் பயனில்லை. “இப்போதைக்கு வேலைதான் சார் என் கவனம். இந்த வேலைக்குத் தேவையான நேரத்த என்னால குடுக்க முடியும்” என்றால் போதும்.

இவற்றை ஒருவர் எச்.ஆராகவும் ஒருவர் வேலைக்கு வந்தவராகவும் உட்கார்ந்து சொல்லிப் பழகட்டும். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்டுவிடுவார்கள். கேட்ட மூச்சிலேயே, “இல்லன்னாலும் பரவாயில்ல சார்” என்று தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். எதிரில் இருப்பவர் பதில் சொல்வதற்குள் வரும் அந்த மூன்று நொடி மௌனத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதைத் தனியாகவே பழக்குங்கள். அதற்கு வாக்கியத்தைவிட அதிக நாள் பிடிக்கும்.

கம்பெனி வராமல் போனால்?

சில வராமல் போகலாம். இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அசல் சான்றிதழும் வெற்றுக் காசோலையும் இல்லாமல் ஆளெடுக்க முடியாத நிறுவனம் போகட்டும் என்பது என் கருத்து. நிர்வாகத்துக்கு எண்ணிக்கை காட்ட வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இருப்பதும் எனக்குத் தெரியும்.

அதனால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். எல்லாவற்றையும் இருபத்தோரு வயதுப் பிள்ளையின் வாயிலேயே சுமத்தக் கூடாது. தனியாக ஒரு மாணவி கேட்டால், ‘இஷ்டமிருந்தா சேரு’ என்பார்கள். கல்லூரி கேட்டால் அப்படிச் சொல்வது கடினம். நேர்காணலுக்கு வருமுன் ஒவ்வொரு நிறுவனத்திடமும் நான்கு விஷயங்களை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்: கைக்கு வரும் மாதச் சம்பளம், பாண்ட் இருந்தால் அதன் நகல், பணியிடமும் ஷிஃப்டும், அசல் ஆவணமோ பணமோ வாங்குவதில்லை என்ற உறுதி. நியமனக் கடிதம் தருவது இப்போது சட்டக் கடமை என்பதால் அதன் மாதிரியையும் கேட்கலாம். பதிலை வேலைவாய்ப்புப் பிரிவின் பலகையில் ஒட்டிவிடுங்கள். அதைப் படித்துவிட்டு உள்ளே போகும் பிள்ளை தனியாகப் போவதில்லை.

நீங்கள் எச்.ஆரை அழைத்தது பாசத்தால். ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்தப் பெண் தன் வாயால் ஒன்றும் கேட்கவில்லை, திட்டு மட்டும் வாங்கினார். பொதுவான நிபந்தனைகளைக் கல்லூரி பேசட்டும். தன் வேலை, தன் சம்பளம், தன் சான்றிதழ் பற்றி அவரவர் பேசட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போனை மட்டும் அவர்கள் கையில் கொடுங்கள்.

ஆகவே அந்த மின்னஞ்சலை அவரே எழுதட்டும். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. சேர்ந்த தேதி, கொடுத்த சான்றிதழ்களின் பட்டியல், காசோலை எண், அது வெற்றுக் காசோலையாகப் பிணைக்குக் கொடுக்கப்பட்டது என்ற வரி, பாண்டின் நகலும் பயிற்சிச் செலவின் கணக்கும் வேண்டும் என்ற கோரிக்கை, சான்றிதழ்களை ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற வேண்டுகோள். இவ்வளவு இருந்தால் போதும். அலுவலக முகவரியிலிருந்து வேண்டாம், வேலையை விட்டால் அது கையைவிட்டுப் போய்விடும். தன் சொந்த முகவரியிலிருந்து அனுப்பட்டும். ராஜினாமாக் கடிதம் அதற்குப் பிறகு. அனுப்புமுன் வரைவைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பகுதிக்கே அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன். பதில் வரும்வரை நீங்கள் மறுபடியும் அந்த எச்.ஆரை அழைக்க வேண்டாம்.